நான் கலைத்த பட்டை அடுக்கு

ஜெகபர் சாதிக்குக்குக் கண் மங்கிவிட்டது என்று போன வருஷம் மன்னார்புரத்தில் ஒரு பேச்சு இருந்தது. கண் மங்கியதால்தான் அந்த அம்பாசடர் காரின் பட்டையைத் தப்பாகக் கட்டிவிட்டான் என்று எங்கள் பட்டறையில் பேசினார்கள், பக்கத்து டயர் கடையில் பேசினார்கள், காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்திலும் பேசினார்கள். அது பொய். அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்தவள் நான். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். எனக்குப் பரிந்து ஒரு வரிகூட யாரும் சேர்க்க வேண்டாம்.

என் பேர் பவுனம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது; நான் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள். பச்சைமலை அடிவாரத்திலிருந்து பதினெட்டு வயதில் மன்னார்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் தங்கையன் கார்களுக்கும் வேன்களுக்கும் பட்டை வேலை பார்க்கிற பட்டறை வைத்திருந்தார். பழைய கார்களில் பின்சக்கர அச்சுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்றாக வில் போல வளைந்த இரும்புக் கட்டு இருக்கும். ஒரு கட்டில் நீளமும் குட்டையுமாக ஆறேழு இரும்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். பள்ளத்தில் வண்டி இறங்கினால் அந்த வில்தான் வாங்கிக்கொள்ளும். துருப்பிடித்துத் தளர்ந்துபோன கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, வளைவு ஏற்றி, கிரீஸ் தடவித் திரும்பக் கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. கிரீஸ் தடவுவது நான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து என் கைதான் தடவியது.

சாதிக் எங்களிடம் வந்தது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். பாலக்கரையில் வீடு. அவன் அத்தா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கியவர். அவருக்கு முதுகு போனதும் இவன் லாரியில் கிளீனராக ஓடினான். ஓடிய லாரியில் நடுவழியில் பட்டை ஒடிந்து, அதைக் கட்ட எங்கள் பட்டறைக்கு வந்தவன், வேலையை நின்று பார்த்துவிட்டு லாரி கிளம்பின பிறகும் இங்கேயே நின்றுவிட்டான்.

என் வீட்டுக்காரர் லேசில் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஒரு பட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு, சுத்தியலைக் கொடுத்து, "தட்டிப் பாருய்யா, நல்லதா கெட்டதா சொல்லு" என்றார். சாதிக் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். "உள்ள விரிசல் இருக்குண்ணே." இவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் மயிர் மாதிரி ஒரு கோடு பொடிக்கு மேலே ஈரமாகத் தெரிந்தது. "நாளைக்கு வந்துரு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இவர் சாகிறவரைக்கும் சாதிக் ஒரு பட்டையைத் தட்டிச் சொன்ன சொல்லை இவர் மறுபடி தட்டிப் பார்த்ததில்லை.

வாய் மட்டும் அவனுக்கு நிற்காது. என்னை அக்கா என்பான். நான் கிரீஸை அள்ளி அள்ளி வைப்பேன் என்று, "அக்கா கையால வெச்சா இட்லிக்கே தொட்டுக்கலாம்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்வான். என் மகன் கலையரசன் குழந்தையாக அவன் தோளில் ஏறி வளர்ந்தவன். சாதிக் மாமா என்றுதான் கூப்பிடுவான். இவர் போனபின் கலையரசன் முதலாளி ஆனபோதும் மாமாதான்.

அவன் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. பிரித்த பட்டைகளில் வலது கட்டு எது, இடது கட்டு எது என்று அடையாளம் வைக்க வேண்டும். மற்ற பட்டறைகளில் உளியால் ஒரு புள்ளி குத்திவிடுவார்கள். சாதிக் குத்த மாட்டான். "குத்துன எடத்துலேர்ந்துதான்க்கா நாளைக்கு விரிசல் விடும்." சாக்பீஸால் கோடு போடுவான். இடத்துக்கு ஒரு கோடு, வலத்துக்கு இரண்டு கோடு. எழுத்தாகப் போட்டால் எனக்குத் தெரியாது என்பதற்காகவே கோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காரில் டிரைவர் வலப்பக்கம். காலியாக ஓடினாலும் அந்தப் பக்கம் ஒரு ஆள் பாரம் எப்போதும் உண்டு. அதனால் வலப்பக்கத்துப் பட்டைகளுக்கு வளைவை அரை விரல் கனம் கூட்டி ஏற்றுவான். ஒரு பட்டையைத் தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கோட்டை வைத்துத்தான் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் செய்த தப்பு என்று யாரும் நினைக்கக் கூடாது. தெரியும்.

போன வருஷம் புரட்டாசியில் அந்த அம்பாசடர் வந்தது. ஸ்ரீரங்கத்து ஹரிஹரசுதன் சாருடையது. காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா ஓட்டிய வண்டி, பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"பாய், ஐப்பசியில என் பொண்ணு சுபலட்சுமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியிலதான்னு வீட்டுல சொல்லிட்டேன். இஞ்சின் பாத்தாச்சு. பின்னாடி ரெண்டு பேரு உக்காந்தா தரை தட்டுது."

சாதிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "உங்கப்பா நல்லா ஓட்டியிருக்காரு சார். அவருக்கப்புறம் எலி நல்லா ஓட்டியிருக்கு."

சார் சிரித்துவிட்டார். "சரியாயிடுமா?"

"மாப்பிள்ளை மடியில பால் சொம்பு வெச்சு அனுப்புங்க. சிந்துனா என்னைக் கேளுங்க."

ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரங்களைக் கழற்றி, அச்சோடு பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி இளக்கினான். பக்கத்துக்கு ஆறு பட்டை, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தொங்கவிட்டுத் தட்டி, வளைவு ஏற்றினான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலை முடிந்து, கோடு போட்ட பட்டைகள் இரண்டு அடுக்காகச் சாக்கின் மேல் இருந்தன. பூஜை முடிந்து மறுநாள் கிரீஸ் தடவிக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயும் பொரியும் கடலையும் சாதிக்தான் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வருவான். வருஷா வருஷம் அப்படித்தான். பூசணிக்காய் உடைக்கும்போது தெருவில் வண்டிகளை நிறுத்துவதும் அவன்தான். அன்றைக்கும் காலையில் பையோடு வந்தான். நான் பட்டறையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு சாமானாகத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த ரெண்டு அடுக்கு மட்டும் கெடக்கட்டும். கை வைக்காதீங்க. கோடு அழிஞ்சிரும்" என்றான்.

டயர் கடைக்காரர் ரத்தினவேலும் வேறு இரண்டு பேரும் பூஜைக்கு வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவன் எனக்குச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டைக்குக் கிரீஸ் தடவினவளுக்கு நேற்று வந்தவன் சொல்கிறானா என்று. முப்பத்திரண்டு வருஷம் எனக்கு நேற்றாகப் போய்விட்டது.

"சாமி காரியத்துல எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு நீயா சொல்லுவ? இது எங்க பூஜை. நீ குறுக்க பேசாத."

எங்க பூஜை என்று சொன்னேன். அந்தச் சொல்லை இப்போது திரும்பச் சொல்லும்போதும் என் நாக்கு கூசுகிறது.

சாதிக் பையை மேசை மேல் வைத்தான். பூசணிக்காய் உருளாமல் இருக்க ஒரு துணியைச் சுருட்டி அதற்கு முட்டுக் கொடுத்தான். "வீட்டுல கொஞ்சம் வேலை இருக்குக்கா" என்று போய்விட்டான். ரத்தினவேல், "என்னம்மா, பாய் இல்லாமலா காய் உடைக்கிறது?" என்றார். "கோவிச்சுக்கிட்டுப் போனா போறான்" என்றேன்.

மற்றவர்களும் டீ குடிக்கப் போனதும் எனக்கு வீம்பு கூடிப்போயிற்று. அந்த இரண்டு அடுக்கையும்தான் முதலில் எடுத்தேன். ஸ்ரீரங்கத்து வீடுகளில் கொலுப் படி பார்த்த ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பட்டைகள் நீளத்திலிருந்து குட்டைக்கு இறங்கி வருமே, படிக்கு அதைவிடத் தோதாக என்ன இருக்கிறது? நீளத்துக்கு நீளம் ஜோடி சேர்த்தேன். அடியில் நீளமான இரண்டு, அதற்கு மேல் அடுத்த இரண்டு என்று ஆறு படி. கொலுவுக்கு ஒற்றைப்படைதான் ஆகும் என்று மேலே ஒரு பலகையை வைத்து ஏழாக்கினேன். ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். துடைத்ததில் கோடு போயிற்று. போகட்டும், எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு நல்ல நேரத்துக்கு வந்து சேர்ந்த கலையரசன், "பழைய பட்டையைப் போயி இப்படி மினுக்கியிருக்கியேம்மா" என்றான். பட்டறை மூலையில் கழித்துப்போட்ட பட்டை எப்போதும் ஒரு குவியல் கிடக்கும். அதிலிருந்து எடுத்தேன் என்று அவனும் மற்றவர்களும் நினைத்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மறுபூஜை போட்டுவிட்டுப் படியைப் பிரித்தேன். பொட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பட்டைகளை இரண்டு அடுக்காகத் திரும்ப வைத்தேன். வைக்கும்போதே கை தயங்கியது. இந்த மூன்றாவது பட்டை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு தரம் மாற்றி வைத்தேன். சாதிக் வருகிற சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

அவன் அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, கோடு அழிஞ்சிருக்கே. யாராச்சும் அடுக்கைக் கலைச்சாங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு அரைநாள் வேலை கூடியிருக்கும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி அளவு பார்த்துப் பிரித்திருப்பான். ஆனால் முதல் நாள் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு, மறுநாள் நீ சொன்னதுதான் சரி என்று அவனிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"தண்ணி தெளிச்சது பட்டிருக்கும். வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்கு" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்றான். கிரீஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினான். நான் தடவிக் கொடுக்கக் கொடுக்க அவன் அடுக்கிக் கட்டினான். அன்றைக்கு இட்லி பேச்சு எதுவும் இல்லை.

ஆளில்லாத வண்டி நேராகத்தான் நின்றது. ஹரிஹரசுதன் சார் வந்து எடுத்துப் போனார். கல்யாணத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் பத்திரிகை வைத்தார்.

மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பியது. மேளம் முன்னால் போக, அம்பாசடர் முழுக்க மல்லிகைச் சரம். மாப்பிள்ளையும் அவர் சேக்காளிகளும் பின்சீட்டில் நெருக்கியடித்து நாலு பேர், முன்னால் டிரைவரோடு ஒருத்தர். அவர்கள் ஏறினதும் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு காலை நொண்டுகிற மாடு மாதிரி சாய்ந்துகொண்டே போனது. தெருவில் நின்ற பயல்கள், "மாப்பிள்ளை இப்பவே பொண்ணு வீட்டுப் பக்கம் சாஞ்சிட்டாருடா!" என்று கூவினார்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தெரு முனை திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசிக் கருகின வாசம் வந்தது. வண்டி நின்றது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக இறங்கி மண்டபத்துக்கு நடந்து போனார்.

சாதிக் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். அந்தச் சட்டையோடு நடுத்தெருவில் மண்டிபோட்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தான். மாப்பிள்ளையின் மாமாவோ யாரோ பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கத்தினார்.

"எந்தப் பட்டறைய்யா இது? கட்டினவன் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினானா?"

சாதிக் எழுந்து நின்றான். "நான்தாங்க கட்டினேன்."

"கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்காரணும். கல்யாண ஊர்வலத்துல வந்து மானத்தை வாங்குறீங்க."

ஹரிஹரசுதன் சார் சம்பந்தி வீட்டார் முன்னால் கைகட்டி நின்றார். சாதிக் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றடி தள்ளி நான் நின்றேன். என் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. பெண் வீட்டில் யாரோ பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கலையரசனே பிரித்தான். வலப்பக்கத்துக்கு வளைவு ஏற்றிய பட்டைகளில் இரண்டு மூன்று இடப்பக்கம் போயிருப்பது தெரிந்தது. எது எது என்று அளக்காமல், அவசரத்துக்கு ஏதோ ஒரு குத்துமதிப்பில் மாற்றிக் கட்டி அனுப்பினான். பிறகு சாதிக்கைக் கூப்பிட்டான்.

"இனிமே பட்டை வேலை வேணாம் பாய். வீல் கழட்டுங்க, காத்துப் பாருங்க. கண்ணு வேற ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

பாய் என்றான். மாமா இல்லை. சாதிக், "சரி தம்பி" என்றான்.

அதற்கப்புறம் நாற்பது நாள். பட்டை பிடிக்கிற வைஸுக்கு முன்னால் இரண்டு தலைமுறையாக நின்றவன், சக்கரங்களைக் கழற்றி உருட்டிக்கொண்டிருந்தான். கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். படிக்கக் கண்ணாடி போட்டால் போதும், வேறு குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை. நான் கேட்டுத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, "அப்ப கண்ணு இல்லக்கா, மூளைதான்" என்றான். ஒரு நட்டை முறுக்கினால் போய்விட்டு வந்து மறுபடி பார்ப்பான். பிறகு மறுபடியும். கலையரசனின் வேலையாட்கள் அவன் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்து காட்டிச் சிரித்தார்கள். நான் அவனுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் குழம்பு கொடுத்தேன். அவன் தூக்குச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான்.

நாற்பத்தோராவது நாள் வரவில்லை. அரியமங்கலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்று ரத்தினவேல் சொன்னார். அங்கேயும் சக்கரம் கழற்றத்தான். பட்டை வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று அவனே சொல்லிச் சேர்ந்தானாம். அதைக் கேட்டபின் என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன்.

சாதிக் வாசலில் உட்கார்ந்திருந்தான். "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கொலுப் படி கட்டியது, கோட்டைத் துடைத்தது, மறுநாள் அடுக்கியது, எல்லாம். தட்டில் டீயோடு வந்த அவன் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் அழுவான் என்றோ, போகட்டும் விடுங்க என்பான் என்றோ நினைத்துப் போயிருந்தேன் போலிருக்கிறது. அவன் முகம் இருண்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காத முகம்.

"அன்னைக்குக் காலையில உங்களைக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

நான் முந்தானை நுனியை முறுக்கினேன்.

"சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன வாயாலயே சொல்லுங்க."

"வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்குன்னு சொன்னேன்."

"கட்டும்போது கை சொல்லிச்சு. இந்தப் பட்டை இங்க உக்காரலையேன்னு கை சொல்லிச்சு. அக்கா சொல்லிட்டாங்க, கைதான் தப்புன்னு நெனச்சேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "நாப்பது நாளா எனக்கு என்னாச்சு தெரியுமா? தொழுகையில நின்னா எத்தன ரக்அத் தொழுதேன்னு சந்தேகம். மறுபடி நிக்கிறேன். பக்கத்துல நிக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க. வீட்டுக்கு வந்தா கதவப் பூட்டினேனான்னு இவகிட்ட கேக்குறேன். நீங்க தெனமும் என் எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"என்னை என்ன வேணாலும் சொல்லு, தம்பி."

"உங்கள ஒண்ணும் சொல்ல வேணாம் எனக்கு. என் வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்குக் கண்ணு தெரியலன்னு நீங்களா ஊருக்குச் சொன்னீங்க? இல்ல. ஆனா சொன்னவங்க எல்லாரும் உங்க முன்னாடிதான் சொன்னாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

டீ குடிக்காமல் வந்தேன். குடிக்கச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை பட்டறையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். ரத்தினவேலையும் கடையிலிருந்து கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னேன். கலையரசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"உள்ள வாம்மா, அப்புறம் பேசலாம்."

"உள்ள வரமாட்டேன். வெளிய வெச்சுத்தான் அவன் பேர் கெட்டுச்சு."

"நான் அவரைப் பாய்னு கூப்பிட்டேனேம்மா" என்றான் என் மகன். அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. நான் ஒருத்தி செய்ததில் அவனும் அசிங்கப்பட்டான்.

அங்கிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். கூட வருகிறேன் என்ற கலையரசனை வேண்டாம் என்றுவிட்டேன். ஹரிஹரசுதன் சார் வீட்டு வாசலில் அந்த அம்பாசடர் நின்றது. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. சாரும் அவர் சம்சாரமும் கேட்டார்கள். அந்தம்மா, "வயசானவங்க, பூஜை அவசரத்துல நடந்துபோச்சு" என்றாள். "வயசு இல்லைங்கம்மா. வீம்பு" என்றேன். சார் எழுந்து வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்த மனுஷரை நான் நடுத்தெருவுல நிக்க வெச்சேன். சம்பந்தி திட்டும்போது ஒரு வார்த்தை தடுக்கல. அவர் நம்பர் இருக்கா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாதிக் தன் ஸ்பேனர் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தான். பட்டையை என் கையாலேயே திரும்பக் கட்டித் தருகிறேன், உங்கள் வாசலிலேயே, தெருவுக்கு முன்னால் என்று போனில் சாரிடம் சொல்லியிருக்கிறான். கலையரசனும் நானும் போயிருந்தோம். சாதிக் எங்களுக்குத் தலையாட்டினான். ஜாக்கி வைத்தான், பிரித்தான். பன்னிரண்டு பட்டைகளையும் சுவரோரம் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நூல் பிடித்து வளைவை அளந்தான். வலம் இடம் பிரித்துக் கோடு போட்டான். நான் பழக்கத்தில் கிரீஸ் டப்பாவுக்குக் கை நீட்டினேன். அவன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தானே தடவினான். முரட்டுத்தனமாக இல்லை. அடுப்பங்கரையில் சூடான பாத்திரத்தைக் குழந்தையிடமிருந்து நகர்த்துகிற மாதிரி நகர்த்தினான். என் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் பட்டையில் இறங்கிய பிறகு கடைசி முறுக்கு முறுக்கினான். பிறகு வேடிக்கை பார்த்தவர்களில் கனமான ஐந்து பேரைத் தானே பொறுக்கி உள்ளே உட்கார வைத்தான். "அண்ணே, நீங்க வாங்க, உங்களுக்காகத்தான் வண்டி" என்று ஒரு தொந்திக்காரரைக் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு அளந்தான். ஒரே அளவு. சாரைக் கூப்பிட்டு அவர் கையாலும் அளக்க வைத்தான்.

"சார், இது நான் கட்டினது. அன்னைக்குக் கட்டினதும் நான்தான். கோடு அழிஞ்சிருந்தப்போ அளந்து பாக்காம கட்டினது என் தப்பு. கண்ணுல தப்பு இல்ல. இதை மட்டும் உங்க சம்பந்தி வீட்டுல சொல்லிருங்க."

"நானே நேர்ல போய்ச் சொல்றேன் பாய்" என்றார் சார்.

பெட்டியைக் கட்டும்போது கலையரசன் அவன் பக்கத்தில் போய் நின்றான். "மாமா, நாளைக்கு வந்துருங்க."

"அங்க வார்த்தை குடுத்துட்டேன் கலை. பட்டை வேலை தரேன்னு சொல்லிட்டாங்க. நேத்துதான் அவங்ககிட்ட நானே கேட்டேன்."

நான் சொன்னேன். "என் முகத்தைப் பாக்கப் பிடிக்கலன்னா நான் பட்டறைப் பக்கம் வரல. நீ வா."

அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான். "உங்கள வெளிய நிறுத்திட்டு நான் உள்ள நின்னா அதுவும் ஊர் பேச்சுத்தான். வேணாங்க. நான் அங்கயே இருந்துக்குறேன்." அக்கா என்று சொல்லவில்லை. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

இப்போது எங்கள் பட்டறைக்குப் பழைய கார் எது வந்தாலும் முதலில் எழுந்து போவது நான். பட்டை வேலையா என்று கேட்பேன். ஆமாம் என்றால், அரியமங்கலத்தில் ஜெகபர் சாதிக் இருக்கிறார், கண் நன்றாக இருக்கிறது, அவரிடம் போங்கள் என்று வழி சொல்லி அனுப்பிவிடுவேன். "நம்ம பட்டறையை நீயே மூடிருவ போலம்மா" என்று கலையரசன் முனகுகிறான். முனகட்டும். இன்று காலைகூட ஒரு வேன் வந்தது. அனுப்பிவிட்டேன். அனுப்பினது நான்தான் என்று சாதிக்குக்குத் தெரியும், வண்டிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அவன் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அனுப்புவான் என்று நான் எதிர்பார்க்கக் கூடாது. எதிர்பார்க்கிறேன்.